மேளத்தை நிறுத்திப் போகும் தெரு

ஜனவரி பிறந்ததும் ஆஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கும் ஊரின் சூப்பர் மார்க்கெட்டில், தர்பூசணிக்கும் கொசு விரட்டிக்கும் நடுவில், தேசியக் கொடி அச்சடித்த ரப்பர் செருப்பு வந்து தொங்கும். முதல் வருடம் அதைப் பார்த்தபோது எவனோ விவரம் தெரியாமல் அடித்துவிட்டான் என்று நினைத்தேன். கடைப் பெண்ணிடம் போய், யார் காதிலும் விழாமல், "செருப்பில் கொடி இருக்கிறது" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "ஆமாம், அழகாக இருக்கிறது இல்லையா? உங்கள் அளவு என்ன?" என்றாள். நான் அளவைச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். பிறகு பார்த்தால் நீச்சல் உடையில் கொடி, பீர் டப்பாவுக்குப் போடும் உறையில் கொடி, நாய்க்கழுத்துப் பட்டையில் கொடி. யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. அவர்கள் கொடியோடு பழகும் விதம் அப்படி.

கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவனுக்கு இது சட்டென்று செரிக்காது. எங்கள் பள்ளிக்கூடத்தில் கொடியை மடிக்க நாலு பேர் நிற்போம். தரையில் பட்டுவிட்டால் தொலைந்தோம். உள்ளே செவ்வந்தி இதழ்களை வைத்து, கயிற்றை ஒரே ஒரு சுண்டு சுண்டினால் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போட வேண்டும். சிறப்பு விருந்தினர் இழுத்தும் முடிச்சு அவிழவில்லை என்றால் அடுத்த குடியரசு தினம் வரைக்கும் ஊருக்கு அதுதான் பேச்சு. இன்னார் கட்டிய கொடி என்று பேரே நிலைத்துவிடும்.

என் பெயர் பாண்டி. சொந்த ஊர் காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில், டவுன் பஸ் திரும்பிப் போகும் ஒரு சின்ன ஊர். எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை வளர்த்த குடும்பம். இப்போது ஆஸ்திரேலியாவில், மர்ரே ஆற்றங்கரையில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு மேற்பார்வையாளனாக இருக்கிறேன். திராட்சையை விட்டு ஓடிப்போய்த் திராட்சையிலேயே விழுந்தவன் என்று என் மனைவி கேலி செய்வாள். அங்கே அண்ணாந்து பார்த்த குலையை இங்கே இடுப்பு உயரக் கம்பியில் குனிந்து பார்க்கிறேன். முதுகுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

இந்த நாட்டின் தேசிய தினமும் நம்முடைய குடியரசு தினமும் ஒரே தேதியில் வருகின்றன என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஜனவரி இருபத்தாறு. அங்கே நம்முடைய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். இங்கே ஆங்கிலேயர்கள் கப்பலில் வந்து இறங்கிக் கொடி நட்ட நாள். நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஒரே நாளில் ரெட்டை விசேஷம், விடுவானேன் என்று இந்தியக் கடையில் ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக்கொண்டு போய், பழம் பெட்டி போடும் கொட்டகையில் ஒருவர் விடாமல் கொடுத்தேன். நம் ஊரில் அன்றைக்கு மிட்டாய் கொடுக்காமல் யார் இருப்பார்கள்?

லொரெய்ன் மட்டும் வாங்கவில்லை. லொரெய்ன் எங்கள் கொட்டகையில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவள். ஐம்பது வயதிருக்கும். அந்த ஆற்றங்கரையின் ஆதிக்குடிகளில் ஒருத்தி. "எனக்கு வேண்டாம், பாண்டி" என்றாள். வேண்டாம் என்பதை நம் பக்கத்து ஆட்கள் எப்போது வேண்டாம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்? இலையில் கையை மறித்தாலும் விரலிடுக்கில் சோற்றைத் தள்ளுகிற பரம்பரை. "ஒண்ணே ஒண்ணு" என்று அவள் கையிலேயே வைத்து அழுத்தினேன். அவள் அந்த மிட்டாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்றைக்கு எங்களுக்குத் துக்க நாள்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதைப்போலச் சொன்னாள்.

இது எங்கள் நாட்டுக்கும் விசேஷ நாள், அதற்காகக் கொடுத்தது என்று உளறினேன். "அப்படியா? உங்கள் ஊரிலிருந்து வெள்ளைக்காரன் கிளம்பிப் போன நாளா?" என்று கேட்டாள். இல்லை, அது ஆகஸ்டில், இது எங்கள் சட்டத்தை நாங்களே எழுதி வைத்துக்கொண்ட நாள் என்றேன். "நீங்களேவா எழுதினீர்கள்? சரி, அதற்காக ஒன்று தின்னலாம்" என்று மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டாள். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

எங்கள் ஊரில் குடியரசு தினம் என்றால் தில்லி அணிவகுப்பு இல்லை. எங்கள் அம்மா எழுந்து நிற்கும் நாள். என் அப்பா அதிகம் பேசாதவர். வீட்டுக்கான பேச்சு மொத்தத்தையும் அம்மா ஈஸ்வரியே பார்த்துக்கொண்டார். காலையில் கொடியேற்றம், மிட்டாய், அதன் பிறகு பந்தலடியில் கிராம சபை. அதிகாரி ஒருவர் தீர்மானங்களை ஒரே மூச்சில் வாசிப்பார். ஜனம் தலையாட்டும். முடிகிற நேரம் பார்த்து அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுவார். தோட்டத்துப் பாதையில் ஓடைக்குக் குறுக்கே ஒரு பாலம் வேண்டும், அதுதான் அவர் கேட்பது.

"ஈஸ்வரியக்கா, மனு போட்டாச்சு. மேல இருந்து வரணும்ல" என்பார் ஊராட்சித் தலைவர்.

"போன ஆகஸ்டுக்கும் இதத்தான சொன்னீக? மேல இருந்து மழ மட்டுந்தேன் வருது. ஓட நெறஞ்சா லாரி அங்கன நிக்குது, குலை இங்கன அழுகுது. எப்ப வரும், அதச் சொல்லுங்க மொதல்ல."

நான் கூட்டத்தில் எவர் முதுகுக்காவது பின்னால் ஒளிந்துகொள்வேன். சட்டையில் குத்திய கொடியோடு எனக்கு அவமானமாக இருக்கும். விசேஷ நாளும் அதுவுமாக இந்த அம்மா இப்படிச் சண்டை போடுகிறாளே என்று. பாலம் வரச் சில வருடங்கள் ஆயின, ஆனால் வந்தது. அடுத்த ஜனவரியில் அம்மா எழுந்து, பாலத்துக்குக் கைப்பிடி எங்கே என்று கேட்டார்.

தூரத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தக் காட்சியின் அருமை எனக்குப் புரிகிறது. ஒரு நாடு தன் விசேஷ நாளில் என்ன செய்கிறதோ, அதையே அதன் பிள்ளைகள் நாடு என்று நினைத்துக்கொண்டு வளர்கிறார்கள். இங்கே பிள்ளைகள் ஆற்றில் குதித்து, ரொட்டிக்குள் ஸாஸேஜ் வைத்துத் தின்று, வாணவேடிக்கை பார்க்கிறார்கள். அவர்களுக்கு நாடு என்றால் ஒரு நல்ல விடுமுறை. அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, சந்தோஷமாக இருப்பது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. எனக்கு நாடு என்றால் மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தலைவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் ஒரு பெண். கேட்டால் கொஞ்சம் தாமதமாகவாவது வரும் என்ற நம்பிக்கை அங்கேதான் எனக்குள் ஏறியிருக்க வேண்டும்.

எங்கள் தோட்ட முதலாளி ஃபிராங்க், இந்த ஊரின் தேசிய தின விழாக் கமிட்டியில் முக்கியமான ஆள். அவருடைய பெற்றோர் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ஒருநாள் அவரிடம், எங்கள் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் அணையைக் கட்டிய வெள்ளைக்கார இன்ஜினியரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தைப் பொங்கலை ஒட்டி அவருடைய பிறந்தநாள் வரும். ஊர் ஊராகப் பொங்கல் வைப்போம். டீக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருக்கும். ஃபிராங்க் குழம்பிப்போனார்.

"பொறு. ஆங்கிலேயரை விரட்டியதைக் கொண்டாடுகிறீர்கள்."

"ஆமாம்."

"ஆங்கிலேயர் ஒருவருக்குப் பிறந்தநாளும் கொண்டாடுகிறீர்கள்."

"ஆமாம். பொங்கல் வைத்து."

"இரண்டில் எது உண்மை?"

இரண்டும்தான் என்றேன். நான் வேடிக்கை செய்வதாக நினைத்து என் தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் வேடிக்கை செய்யவில்லை. நம்மை அடக்கி ஆண்டவன் வேறு, வந்த இடத்தில் தண்ணீர் கொடுத்தவன் வேறு என்று பிரித்து வைத்துக்கொள்ள எங்கள் ஆட்களுக்குத் தெரியும். வயலில் பாயும் தண்ணீரைப் பார்த்து யாரும் நிறம் கேட்பதில்லை.

போன டிசம்பரில் எனக்கு மின்னஞ்சல் வந்தது. குடியுரிமைக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, உறுதிமொழி ஏற்பு விழா ஜனவரி இருபத்தாறு, ஆற்றங்கரைப் பூங்கா மேடையில். என் மனைவி முந்தைய செப்டம்பரிலேயே வாங்கிவிட்டாள். நான்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வரி கட்டினேன், வாக்கு கிடையாது. நகராட்சிக் கூட்டத்தில் எங்கள் தெரு வடிகாலைப் பற்றிக் கேட்க எழுந்து நின்றபோது, கேள்வியை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்று மரியாதையாக உட்கார வைத்தார்கள். ஈஸ்வரி மகனுக்கு இது தாங்குமா? அதனால் இந்த நாட்டில் முழு ஆளாக நிற்க வேண்டும் என்ற ஆசை உண்மையாகவே எனக்கு இருந்தது. ஆனால் அந்தத் தேதி! ஊரில் அம்மா கொடிக்கு முன் நிற்கும் அதே நாளில் நான் இங்கே அவருடைய நாட்டைக் கைகழுவ வேண்டும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது, ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும். இங்கேயோ, லொரெய்ன் துக்கம் காக்கும் நாளில் நான் மேடையேறிக் கைதட்டல் வாங்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். வீடியோ அழைப்பில் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிகிற மாதிரிதான் அம்மா போனைப் பிடிப்பார்.

"அப்ப நீ ஊருக்கு வாரதுக்கு விசா வாங்கணுமா?"

"இல்லம்மா. ஒரு கார்டு குடுப்பாக. ஆயுசுக்கும் வந்துட்டுப் போகலாம்."

"என் வீட்டுக்கு வாரதுக்கு எம் மகனுக்கு எவன்ப்பா கார்டு குடுக்குறது?"

"அதுவும் குடியரசு தினத்தன்னைக்கா?" என்று கேட்டுவிட்டு அம்மா போனை வைத்துவிட்டார். அதன் பிறகு அழைத்தால் எடுக்கவில்லை. அப்பாதான் எடுத்து, "நல்லாருக்கியா? சரி" என்று தன் மொத்தப் பேச்சையும் முடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. பெற்றவளிடமிருந்து பேர் வெட்டிக்கொள்வது போல இருந்தது. வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிடலாமா என்று கூட நினைத்தேன்.

பொங்கல் கழிந்து அம்மாவே கூப்பிட்டார்.

"ஏலே, அங்கன கிராம சபை மாதிரி ஏதாச்சும் உண்டா?"

"உண்டும்மா. மாசா மாசம் கூட்டம் போடுவாக."

"நீ எந்திரிச்சுக் கேட்டியா?"

"கேட்டேன். உக்கார வச்சுட்டாக. வோட்டும் இல்ல."

"வோட்டு இல்லாதவன் பேச்சு எவன் காதுல ஏறும்? நாம பொழைக்கிற ஊருல கேக்க வாய் வேணும்ல? வாங்கு. நான் ரோசிச்சுட்டேன். ஆனா அன்னைக்கு வேணாம்ப்பா. அன்னைக்கு எனக்கு மனசு ஒப்பாது."

அப்போதுதான் லொரெய்னைப் பற்றிச் சொன்னேன். அம்மாவுக்கு ஆஸ்திரேலியச் சரித்திரம் ஒன்றும் தெரியாது. விளக்கவும் விடவில்லை. "அந்தப் பொம்பளைக்கு அது கேதம்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் மேடை ஏறப் பாத்தியாக்கும்? கேத வீட்டு வாசல்ல எவனாச்சும் மேளம் கொட்டுவானா? நம்ம ஊரு முளப்பாரி எப்படிப் போகும், மறந்து போச்சா?"

மறக்கவில்லை. மாரியம்மன் பொங்கலுக்கு, முளைவிட்ட தானியச் சட்டிகளைப் பெண்கள் தலையில் சுமக்கும் முளைப்பாரி ஊர்வலம் எல்லாத் தெருவும் சுற்றும். ஒரு வருடம் கீழத்தெருவில் ஒரு வீட்டில் கேதம் விழுந்து சில நாள்களே ஆகியிருந்தன. தெருமுனைக்கு வந்ததும் மேளக்காரர்கள் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். குலவை நின்றது. அத்தனை பெண்களும் தலையில் முளைப்பாரியோடு வாய் பேசாமல் அந்த வீட்டைக் கடந்தார்கள். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. மகனைப் பறிகொடுத்த அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து சாமியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தெரு முடிந்ததும் மேளம் மறுபடி தொடங்கியது, முன்னை விடப் பலமாக. திருவிழா நின்றுபோகவில்லை. அந்த வீடும் ஊரை விட்டு விலகிப் போகவில்லை.

இங்கே ஒவ்வொரு ஜனவரியிலும் தேதியை மாற்று, மாற்றாதே என்று தொலைக்காட்சியில் கத்திக்கொள்கிறார்கள். என் போன்ற வந்தேறிக்கு அதில் தீர்ப்புச் சொல்லத் தகுதி உண்டா தெரியவில்லை. ஆனால் எந்தப் பெரிய விழாவிலும் துக்க வீடு ஒன்று இருக்கும், நம் நாட்டு விழாவிலும் இருக்கும். அந்த வாசலில் குச்சியை இடுக்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள் கையில் விழா கெட்டுப் போகாது. ஒரு நாடு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்.

மறுநாள் ஃபிராங்க்கிடம் போய், விழாவில் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

"அறுவடை நேரம் என்பதற்காகவா? நல்ல ஆள் நீ! ஒரு நாளில் திராட்சை ஓடிவிடாது, மேட்."

"அறுவடைக்காக இல்லை. ஒரு துக்கம்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "அடடா. யார் போனது? உன் அப்பாவா?"

"இல்லை, இல்லை. இந்த ஊரில்தான்."

"இந்த ஊரிலா? எனக்குத் தெரியாமலா?" என்று நிஜமாகவே பதறினார். நான் முளைப்பாரிக் கதையைச் சொன்னேன். என் இங்கிலீஷில் முளைப்பாரி என்பது தலையில் தோட்டம் சுமப்பதாகத்தான் வந்தது. ஆனால் வாசலில் மேளம் நின்றது அவருக்குப் புரிந்துவிட்டது. "தெருவில் ஒரு சாவு என்றால் எங்கள் அம்மா வீட்டில் ரேடியோ போட விடமாட்டாள்" என்றார். பிறகு, "நான் அப்படி யோசித்ததில்லை" என்றார். கமிட்டியை விட்டு அவர் விலகவில்லை. இந்த வருட விழாவும் எப்போதும் போல ஸாஸேஜ் புகையோடு நடந்தது. ஆனால் வழக்கமாகக் காலையில் முதல் வேலையாக ஒலிக்கும் பாண்டு வாத்தியத்துக்கு முன்னால், எல்லோரும் எழுந்து கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் நிற்கலாம் என்று ஃபிராங்க் மைக்கில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

லொரெய்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்றிருந்தேன். ஃபிராங்க் சொல்லிவிட்டார். அவள் என்னிடம் வந்து, "எனக்காகத் தள்ளிப் போட்டாயாமே? அன்றைக்கு அந்த மேடையில் அடித்த வெயிலிலிருந்து நான்தான் உன்னைக் காப்பாற்றியிருக்கிறேன்" என்றாள். போய்க்கொண்டே திரும்பி, "எப்போது என்று சொல், நான் வருகிறேன்" என்றாள்.

மார்ச்சில், நகராட்சிக் கட்டிடத்தின் ஒரு அறையில் உறுதிமொழி எடுத்தேன். கூட்டமே இல்லை. பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தி, ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த அண்ணன் தம்பி, நான். மேயர் முதலில் அந்த மண்ணின் ஆதிக்குடிகளை வணங்கிவிட்டுத்தான் தொடங்கினார். இரண்டாவது வரிசையில் லொரெய்ன், என் மனைவிக்குப் பக்கத்தில், கோயிலுக்கு வருவது போலப் பூப்போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தாள். வாசகத்தைச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கியது. இழந்ததற்காகவும் கிடைத்ததற்காகவும் சேர்த்தே நடுங்கியது என்று நினைக்கிறேன். முடிந்ததும் தேங்காய்த் துருவல் போட்ட கேக்கும் டீயும் தந்தார்கள். கிளம்பும்போது, இங்கே வழக்கமாம், ஆளுக்கு ஒரு மரக்கன்று கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவை அழைத்தேன். எடுத்தார். நெற்றியும் கண்ணும்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"ம்" என்றார். கண் கலங்கியதா, போன் ஆடியதா தெரியவில்லை. "என்ன குடுத்தாக?"

கன்றைக் காட்டினேன். அம்மா போனைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். திரை முழுக்கப் புருவம்.

"இது நம்ம மலையில நிக்கிற தைல மரம்லடா! இதையா குடுத்தாக? தண்ணிய பூராம் குடிச்சிரும். இது வெளிநாட்டு மரம்னுதான சொல்லுவாக!"

"இதுதாம்மா அந்த வெளிநாடு" என்றேன்.

அம்மா சிரிக்கத் தொடங்கினார். கோபமாகப் போனை வைத்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. சிரித்து முடித்ததும் பழைய ஈஸ்வரி ஆகிவிட்டார். இப்போதே நட வேண்டும், தள்ளிப் போடக் கூடாது, திராட்சைப் பக்கமே போகக் கூடாது, சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். போனைப் பின்பக்க வேலியில் சாய்த்து வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன்.

"எங்கம்மா வைக்க?"

"இந்தா, இங்கன" என்று அம்மா தன் போன் திரையில் ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அவர் விரல் கம்பம் பள்ளத்தாக்கில், எங்கள் வீட்டில் இருந்தது. எந்த இடத்தைத் தொட்டார் என்பது எனக்குத் தெரிய வழியில்லை. சுற்றிலும் பார்த்தேன். குத்துமதிப்பாக ஓரிடத்தில் கடப்பாரையை இறக்கினேன்.

"அதேதேன். அங்கனயே தோண்டு" என்றார் அம்மா.